ட்ரேஸ் பொத்தானை அழுத்தும் முன்: ராஸ்டர் படம் எஸ்விஜி ஆகும் விதம்

கடைப் பெயர்ப்பலகைக்கு லோகோ கேட்டால் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் வந்து சேர்வது 800 பிக்சல் அகலமுள்ள ஒரு ஜேபெக் கோப்புதான். அதை 10 அடி அகல ஃப்ளெக்ஸில் அப்படியே இழுத்துப் போட்டால் ஒவ்வொரு பிக்சலும் ஏறக்குறைய 3.8 மில்லிமீட்டர் சதுரமாக விரியும். எழுத்தின் விளிம்பில் படிக்கட்டு தெரியும். இல்லையென்றால் மென்பொருள் அதை மங்கலாக்கிச் சமாளிக்கும். ஸ்டிக்கர் வெட்டும் பிளாட்டருக்கு அந்தக் கோப்பால் ஒரு பயனும் இல்லை. கத்தி எந்த வழியாகப் போக வேண்டும் என்பது அதில் எங்கும் எழுதப்படவில்லை.

எஸ்விஜி கோப்பில் அது எழுதப்பட்டிருக்கும். ஜேபெக், பிஎன்ஜி இரண்டிலும் இருப்பவை கட்டம் கட்டமாக அடுக்கிய நிற மதிப்புகள். எஸ்விஜியோ நோட்பேடில் திறந்து படிக்கக்கூடிய உரைக்கோப்பு. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அதன் முதல் பதிப்பை 2001-இல் வெளியிட்டது. ஒரு வடிவம் அதில் கட்டளைகளின் வரிசையாக இருக்கும்: எம் என்ற எழுத்து வந்தால் பேனாவை இந்த இடத்தில் வை, எல் வந்தால் அங்கிருந்து நேர்கோடு, சி வந்தால் வளைகோடு, இசட் வந்தால் தொடங்கிய இடத்துக்கே திரும்பி மூடு. வளைகோடு என்பது பெசியே வளைகோடு. ரெனோ நிறுவனத்தில் பியர் பெசியேயும், சிட்ரோயனில் பால் டி காஸ்டெல்ஜோவும் கார் உடலின் வளைவுகளை எண்களில் பிடிக்கத் தனித்தனியே உருவாக்கிய முறை அது. தொடக்கப் புள்ளி, முடிவுப் புள்ளி, நடுவில் வளைவை இழுத்துப் பிடிக்கும் இரண்டு கைப்பிடிகள் என நான்கே புள்ளிகள். பெரிதாக்க வேண்டுமானால் இந்த எண்களைப் பெருக்கினால் போதும். அதனால்தான் ஓர் அங்குல லோகோ நூறு அடிக்கு விரிந்தாலும் விளிம்பு கெடுவதில்லை.

ஜேபெக் போன்ற பிக்சல் படம் ராஸ்டர்; எஸ்விஜி போன்ற கோட்டுப் படம் வெக்டர். ஆக, ராஸ்டரிலிருந்து வெக்டருக்கு மாற்றுவது, அதாவது ட்ரேஸ் செய்வது என்றால், கட்டங்களைப் பார்த்து அவற்றை உண்டாக்கியிருக்கக்கூடிய கோடுகளை ஊகிப்பது. படத்தில் இல்லாத தகவலை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. கொடுக்கும் படம் தெளிவாக இருந்தால் ஊகம் சரியாக விழும். ட்ரேஸ் சரியாக வரவில்லையே என்று அமைப்புகளை அரை மணி நேரம் திருகுவதைவிட, படத்தைப் பத்து நிமிடம் சுத்தம் செய்வது நல்ல பலன் தரும்.

உள்ளே நடப்பது

இங்க்ஸ்கேப் என்ற இலவச வெக்டர் வரைகலை மென்பொருளில், பாத் பட்டியலில் உள்ள ட்ரேஸ் பிட்மேப் வசதிக்குப் பின்னால் பெரும்பாலும் இயங்குவது பொட்ரேஸ். கணிதவியலாளர் பீட்டர் செலிங்கர் 2001-இல் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள் இது. அது செயல்படும் விதம் தெரிந்தால், திரையில் உள்ள ஒவ்வொரு எண்ணும் எதைத் தொடுகிறது என்பது விளங்கும்.

பொட்ரேஸுக்குக் கறுப்பும் வெள்ளையும் மட்டுமே தெரியும். சாம்பல் நிறம் கிடையாது. கறுப்புப் பகுதிக்கும் வெள்ளைப் பகுதிக்கும் நடுவிலுள்ள எல்லையைப் பிக்சல் பிக்சலாகச் சுற்றிவந்து முதலில் ஒரு மூடிய படிக்கட்டுப் பாதையை எடுக்கிறது. அடுத்து, அந்தப் படிக்கட்டிலிருந்து அரைப் பிக்சலுக்கு மேல் விலகாத நேர்கோடுகளைக் கொண்டு, இயன்ற அளவு குறைந்த பக்கங்களுள்ள ஒரு பலகோணத்தை அமைக்கிறது. பிறகு அதன் ஒவ்வொரு முனையிலும் ஒரு முடிவு எடுக்கிறது: இது கூர்மூலையா, வளைவா? இந்த முடிவைக் கட்டுப்படுத்துவதுதான் ஸ்மூத் கார்னர்ஸ் எண். இயல்பான மதிப்பு 1. பூஜ்யத்தில் வைத்தால் எல்லாம் மூலையாகி வெறும் பலகோணம் வரும், 1.34 வரை ஏற்றினால் மூலையே இல்லாமல் எல்லாம் உருண்டுவிடும். கடைசியாக, அடுத்தடுத்துள்ள சிறு வளைவுகளை இணைத்து ஒரே நீள வளைவாக்குகிறது. ஆப்டிமைஸ் என்ற எண் இதற்கானது; இயல்பாக 0.2. அதை ஏற்றினால் பாதையைத் தாங்கும் புள்ளிகளான நோடுகள் குறையும், வடிவம் சற்று விலகும்.

தமிழ் எழுத்துகளுக்கு 1 என்ற மதிப்பு பல நேரங்களில் அதிகம். ட, ப, ம போன்றவற்றின் செங்கோண மூலைகள் தேய்ந்துபோகும். 0.7 அல்லது 0.8-இல் மூலை நிற்கும், சுழிகளும் உருண்டையாகவே இருக்கும். எழுத்துருவுக்கு எழுத்துரு இது மாறும் என்பதால் இரண்டு மதிப்புகளில் ட்ரேஸ் செய்து ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பது நல்லது.

இன்னொரு எண் இதைவிட ஆபத்தானது. ஸ்பெக்கிள்ஸ் என்ற அமைப்பு குறிப்பிட்ட பரப்புக்குக் கீழுள்ள பொட்டுகளைத் தூசி என்று கருதி அழித்துவிடும். பொட்ரேஸில் இயல்பாக அது 2 பிக்சல்தான். ஆனால் அடோபி இல்லஸ்ட்ரேட்டரின் இமேஜ் ட்ரேஸில் இதற்கு இணையான நாய்ஸ் மதிப்பு இயல்பாகவே 25 பிக்சலில் நிற்கிறது. சிறிய படத்தில் மெய்யெழுத்தின் புள்ளி 5 பிக்சல் விட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பரப்பு 20 பிக்சலுக்கும் குறைவு. தூசி என்று அது போய்விடும். க் என்பது க ஆகும், ம் என்பது ம ஆகும். லத்தீன் எழுத்தில் ஓர் ஐயின் மேற்புள்ளி போனால்கூட வாசித்துவிடலாம். தமிழில் புள்ளி போனால் சொல்லே மாறிவிடும். ட்ரேஸ் முடிந்ததும் மூலப் படத்தையும் வெக்டரையும் அருகருகே வைத்து ஒவ்வொரு புள்ளியையும் எண்ணிப் பாருங்கள். அச்சான பலகையில் ஒற்று காணாமல்போவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

படத்தைத் தயார் செய்தல்

முதல் வேலை, நல்ல மூலத்தைத் தேடுவது. வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் அது படத்தைச் சிறிதாக்கி மறுபடி ஜேபெக்காகச் சுருக்கும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். பழைய விசிட்டிங் கார்டு, பில் புத்தகம், லெட்டர்ஹெட் கையில் இருந்தால் ஜேபெக்கை ஓரம் வைத்துவிட்டு அதை 600 டிபிஐயில், 8-பிட் சாம்பல் நிறத்தில் ஸ்கேன் செய்யலாம். ஸ்கேனரிலேயே கறுப்பு-வெள்ளை என்று தேர்ந்தெடுக்க வேண்டாம். எந்தச் சாம்பல் வரை கறுப்பு, எதற்கு மேல் வெள்ளை என்ற முடிவு உங்களிடம் இருக்கட்டும். லோகோ அச்சிட்ட பிடிஎஃப் ஏதாவது இருக்கிறதா என்றும் கேளுங்கள். பல பிடிஎஃப்களுக்குள் வெக்டர் அப்படியே இருக்கும். இங்க்ஸ்கேப்பில் திறந்தால் ட்ரேஸ் வேலையே மிச்சம்.

ஜேபெக் மட்டும்தான் இருக்கிறது என்றால், அது படத்தை என்ன செய்திருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஜேபெக் படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. கூர்மையான எழுத்து விளிம்பு ஒரு கட்டத்துக்குள் வந்தால், விளிம்பைச் சுற்றி மெல்லிய அலைகள் போன்ற அழுக்கு படியும். வெறும் கண்ணுக்கு அது தெரியாது. ட்ரேஸ் செய்யும் மென்பொருளோ ஒவ்வொரு அலையையும் ஒரு வடிவம் என்று நம்பிவிடும். நிறத்துக்கு இன்னும் மோசம்: பெரும்பாலான ஜேபெக் கோப்புகளில் வெளிச்சம் ஒவ்வொரு பிக்சலுக்கும் இருக்கும், நிறம் நான்கு பிக்சலுக்கு ஒன்றுதான் இருக்கும். சிவப்பு எழுத்தின் ஓரம் பக்கத்து நிறத்தோடு கசிந்திருப்பது இதனால்தான்.

ஜிம்ப் என்ற இலவசப் படத் திருத்த மென்பொருளில் இதைச் சரிசெய்யும் வரிசை முக்கியம். முதலில் படத்தைப் பெரிதாக்குங்கள், 2 அல்லது 4 மடங்கு, கியூபிக் முறையில். பிறகு சிறு அழுக்கைத் துடைக்கும் மீடியன் பிளர், ஆரம் 2 அல்லது 3 பிக்சல். அதன் பிறகு லெவல்ஸில் கறுப்பு முனையையும் வெள்ளை முனையையும் உள்ளே தள்ளுங்கள். கடைசியில்தான் திரெஷோல்ட், அதாவது ஒரு வரம்பில் வெட்டி எல்லாவற்றையும் கறுப்பு அல்லது வெள்ளை ஆக்குவது. பெரிதாக்குவதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எழுத்து விளிம்பில் பாதி மூடப்பட்ட பிக்சல் ஒன்று 50 விழுக்காடு சாம்பலாக இருக்கும். உண்மையான விளிம்பு அந்தப் பிக்சலுக்குள் எந்த இடத்தில் ஓடுகிறது என்ற தகவல் அந்தச் சாம்பலில்தான் இருக்கிறது. நேரடியாகத் திரெஷோல்ட் செய்தால் அது கறுப்பு அல்லது வெள்ளை என்று முடிவாகி, தகவல் போய்விடும். முதலில் பெரிதாக்கினால் அந்தச் சாம்பல் நான்கு மடங்கு நுண்ணிய கட்டத்தில் ஒரு சரிவாக விரியும். வெட்டும்போது விளிம்பு தன் இடத்திலேயே விழும். 400 பிக்சல் படத்தை 1600 ஆக்கிவிட்டு ட்ரேஸ் செய்தால் வரும் வளைவுக்கும், அப்படியே ட்ரேஸ் செய்தால் வரும் வளைவுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்தால் இந்த ஒரு படியை யாரும் தவிர்க்க மாட்டார்கள். பொட்ரேஸோடு சேர்ந்து வரும் எம்கேபிட்மேப் என்ற துணைக் கருவியும் இதைத்தான் செய்கிறது: பின்னணியின் மெதுவான நிழல் மாற்றத்தை வடிகட்டி, 2 மடங்கு பெரிதாக்கி, 0.45-இல் வெட்டுகிறது.

திரெஷோல்டை எங்கே வைப்பது? இங்க்ஸ்கேப்பின் பிரைட்னஸ் கட்ஆஃப் இயல்பாக 0.45. ஏற்றினால் எழுத்து தடிக்கும். ண, ன, ஞ ஆகியவற்றின் சுழிக்குள் உள்ள வெள்ளை இடம் அடைபடும். இறக்கினால் எழுத்து மெலிந்து, ஒல்லியான கோடுகள் அறுந்துபோகும். படத்தில் மிகச் சிறிய சுழி எங்கே இருக்கிறது, மிக ஒல்லியான கோடு எங்கே இருக்கிறது என்று இரண்டு இடங்களைக் குறித்துக்கொண்டு, இரண்டும் பிழைக்கும் மதிப்பில் நிறுத்துங்கள். அப்படி ஒரு மதிப்பே கிடைக்கவில்லை என்றால் படம் போதாது என்று பொருள்; அந்த எழுத்தைக் கையால் வரைய வேண்டியதுதான்.

பச்சைப் பின்னணியில் சிவப்பு எழுத்து இருந்தால் இன்னொரு சிக்கல் வரும். சாம்பலாக்கும் வழக்கமான சூத்திரத்தில் சிவப்புக்கு 0.299, பச்சைக்கு 0.587, நீலத்துக்கு 0.114 என்று எடை. முழுச் சிவப்பான 255 சாம்பலாகும்போது 76. பாதிப் பச்சையான 128 சாம்பலாகும்போது 75. கண்ணுக்குப் பளிச்சென்று வேறுபட்டுத் தெரிந்த இரண்டும் ஒரே சாம்பலாகி எழுத்து மறைந்துவிடும். இங்கே சாம்பலாக்காமல் படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சானல்களாகப் பிரிக்கும் ஜிம்ப்பின் டீகம்போஸ் வழியாகச் சிவப்புச் சானலை மட்டும் தனியே எடுங்கள். எழுத்து 255, பின்னணி 0. இதைவிடச் சுத்தமான விளிம்பு கிடைக்காது. மஞ்சளில் சிவப்பு எழுத்து என்றால் பச்சைச் சானல் இதே வேலையைச் செய்யும்.

பல நிறங்கள் வரும்போது

மூன்று நிற லோகோவை எட்டு ஸ்கேன் (இங்க்ஸ்கேப்பில் இது எத்தனை நிற அடுக்குகள் என்பதைக் குறிக்கும்) என்று வைத்து ட்ரேஸ் செய்வதுதான் பலரும் செய்யும் பிழை. சிவப்பு எழுத்துக்கும் வெள்ளைப் பின்னணிக்கும் நடுவே வழவழப்புக்காகச் சேர்ந்த இளஞ்சிவப்புப் பிக்சல்கள் ஒரு வரிசை இருக்கும். மென்பொருளுக்கு அது நான்காவது நிறம். எழுத்தைச் சுற்றி முடி போன்ற மெல்லிய வளையம் ஒன்று தனி வடிவமாக உருவாகும். முன்கூட்டியே ஜிம்ப்பில் குறிப்பிட்ட சில நிறங்களை மட்டும் வைத்திருக்கும் இன்டெக்ஸ்டு முறைக்கு மாற்றி, நிறங்களின் எண்ணிக்கையை 3 என்று கொடுத்து, இல்லாத நிறத்தைப் பொட்டுகளால் காட்டும் டிதரிங்கை நிறுத்திவிட்டால் இந்த வளையம் வராது. நிறங்கள் குறைவாக இருந்தால் ஒவ்வொரு நிறத்தையும் தனிக் கறுப்பு-வெள்ளைப் படமாக்கித் தனித்தனியே ட்ரேஸ் செய்து அடுக்குவது இன்னும் துல்லியம். நிறங்கள் அதிகமுள்ள ஓவியங்களுக்கு விட்ரேசர் என்ற கட்டற்ற கருவி நன்றாக இருக்கிறது. அது நிறப் படத்தை நேரடியாகவே எடுத்துக்கொள்ளும்.

நிறப் பகுதிகளை எப்படி அடுக்குவது என்பதிலும் ஒரு முடிவு உண்டு. ஒன்றன்மேல் ஒன்று போர்த்துவது ஒரு வழி. இடைவெளியின்றி ஒட்டி வைப்பது மற்றொரு வழி. திரைக்கும் அச்சுக்கும் போர்த்துவதே சரி. ஒட்டி வைத்தால் எல்லையில் மயிரிழை போல வெள்ளைக் கோடு தெரியும். காரணம் கணக்கில் இருக்கிறது: எல்லை ஒரு பிக்சலின் நடுவே போனால், முதல் வடிவம் அந்தப் பிக்சலில் 50 விழுக்காட்டை மூடும். இரண்டாவது வடிவம் மீதியை முழுமையாக மூட வேண்டும். ஆனால் வரையும் நிரல் மீதியில் பாதியைத்தான் மூடுகிறது. மொத்தம் 75. மிச்சமுள்ள 25 விழுக்காட்டில் பின்னணி எட்டிப்பார்க்கிறது. ஸ்டிக்கர் வெட்டுக்குப் போர்த்திய கோப்பு கூடாது: அடியில் மறைந்துள்ள விளிம்பையும் கத்தி வெட்டிவிடும். ரேடியம் ஸ்டிக்கருக்கு ஒவ்வொரு நிறமும் தனிக் கோப்பாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறும் அதே நிற வடிவங்கள் யூனியன் கட்டளையால் ஒன்றாக்கப்பட்டதாக இருக்க வேண்டும்.

புகைப்படத்தை எஸ்விஜி ஆக்கலாமா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. வேண்டாம். முகத்தின் மென்மையான நிழல் மாற்றங்கள் ஆயிரக்கணக்கான திட்டுகளாக உடையும். கோப்பு ஜேபெக்கைவிடப் பெரிதாகும், படம் அதைவிட மோசமாகத் தெரியும். இரண்டு மூன்று நிறப் போஸ்டர் பாணி வேண்டும் என்றால் மட்டுமே அதில் அர்த்தம் உண்டு.

ட்ரேஸ் செய்யக் கூடாதவை

வட்டம், செவ்வகம், நேர்கோடு, எழுத்து ஆகியவற்றை ட்ரேஸ் செய்ய வேண்டாம். ஓர் உண்மையான வட்டத்தை எஸ்விஜியில் எழுத மையத்துக்கு இரண்டு எண்கள், ஆரத்துக்கு ஒன்று என மூன்று எண்கள் போதும். ட்ரேஸ் செய்தால் பத்துக்கும் மேற்பட்ட நோடுகளோடு சற்று நெளிந்த உருண்டை கிடைக்கும். 4 அடி பலகையில் அந்த நெளிவு தெரியாமல் போகாது. பெசியே வளைவால் வட்டத்தைச் சரியாக வரைய முடியாது என்பது உண்மைதான். ஆனால் கையால் அமைத்த நான்கு நோடு வட்டத்தின் பிழை ஆரத்தில் 0.03 விழுக்காட்டுக்கும் குறைவு. ஒரு மீட்டர் ஆரத்துக்கு கால் மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்.

எழுத்துக்கு எழுத்துருவைக் கண்டுபிடித்து மறுபடி தட்டச்சு செய்வதே சிறந்த வழி. தட்டச்சு செய்ததைப் படத்தின் மேல் பாதி ஒளிபுகும்படி வைத்து, அகலம், உயரம், எழுத்து இடைவெளி மூன்றையும் பொருத்துங்கள். பொருந்தியதும் பாதையாக மாற்றுங்கள்: கோரல்டிராவில் கன்ட்ரோல்-கியூ, இங்க்ஸ்கேப்பில் ஷிஃப்ட்-கன்ட்ரோல்-சி. மாற்றாமல் அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். மாற்றிய பிறகு, பாதையைத் துண்டுகளாகப் பிரிக்கும் பிரேக் அபார்ட் கட்டளையைக் கொடுக்கும்போது கவனம் தேவை. சுழிக்குள் உள்ள வெள்ளை என்பது தனி வடிவம் அல்ல; அதே பாதையின் ஓர் உட்பாதை. பிரித்ததும் அது நிரம்பிய ஒரு பொட்டாக மாறி சுழி அடைபடும். மறுபடி வெளிக்கோட்டோடு சேர்த்து கம்பைன் செய்தால் திறந்துவிடும்.

கோட்டோவியம் வேறு வகை. சிக்குக் கோலத்தை ஸ்கேன் செய்து வழக்கமான முறையில் ட்ரேஸ் செய்தால், மாவுக் கோட்டின் இரு கரைகளும் தனித்தனி விளிம்பாக வரும். லேசரில் கொடுத்தால் ஒரு கோட்டுக்கு இரண்டு கோடு எரியும். இதற்கு வேண்டியது சென்டர்லைன் ட்ரேஸ். தடிமனான கோட்டை இரு பக்கமும் சுரண்டிச் சுரண்டி ஒரு பிக்சல் எலும்பாக்கி, அதன்மேல் பாதை போடும் முறை அது. இங்க்ஸ்கேப்பில் ஆட்டோட்ரேஸ் வழியாகக் கிடைக்கிறது. கோலத்தில் அதற்குள்ள பலவீனம் சந்திப்புகளில் வெளிப்படும். இரண்டு கோடுகள் சாய்வாக வெட்டும் இடத்தை எலும்பாக்கினால், ஒரு புள்ளியில் சந்திக்காமல், நடுவே சிறு பாலத்தோடு இரண்டு கவைகளாகப் பிரிந்துவிடும். சிக்குக் கோலம் முழுவதும் வெட்டுமிடங்கள்தான் என்பதால், ஒவ்வொன்றிலும் பாலத்தை நீக்கி எதிரெதிர்க் கோடுகளை நேராக இணைக்க வேண்டும். 7 புள்ளிக்கு மேற்பட்ட கோலம் என்றால், ட்ரேஸ் செய்து திருத்துவதைவிட ஒரு வளைவை வரைந்து நகலெடுத்துத் திருப்பி அடுக்குவது விரைவில் முடியும். கோலத்தின் சமச்சீரும் அப்படித்தான் துல்லியமாகக் கிடைக்கும்.

பழைய கணினி விளையாட்டுகளின் சிறு பிக்சல் ஓவியங்களுக்கு மேற்சொன்ன எதுவும் பொருந்தாது. ஒவ்வொரு பிக்சலும் வேண்டுமென்றே வைக்கப்பட்டது என்பதால் மங்கலாக்கவோ பெரிதாக்கவோ கூடாது. யோஹானஸ் கோப்ஃப், டானி லிஷின்ஸ்கி இருவரும் 2011-இல் வெளியிட்ட முறை இதற்கென்றே உள்ளது. இங்க்ஸ்கேப்பில் பிக்சல் ஆர்ட் என்ற தாவலில் அதைப் பயன்படுத்தலாம்.

முடித்து அனுப்பும் முன்

இங்க்ஸ்கேப்பில் ட்ரேஸ் ஆன பாதை மூலப் படத்தின் மேலேயே வந்து உட்காரும். பார்த்தால் எதுவும் மாறாதது போலத் தோன்றும். மேலே உள்ளதை நகர்த்திவிட்டு, அடியிலுள்ள படத்தை நீக்குங்கள். நீக்காமல் சேமித்தால் ஜேபெக்கும் கோப்புக்குள்ளேயே போகும்.

அடுத்து நோடுகள். ஓர் எழுத்துக்கு இருபது முப்பது நோடுகள் போதும். நூறு இருந்தால் பிளாட்டர் கத்தி தத்தித் தத்திப் போய் விளிம்பு ரம்பம் போலாகும். நோடுகளைக் குறைக்க இங்க்ஸ்கேப்பில் சிம்ப்ளிஃபை கட்டளை இருக்கிறது, கன்ட்ரோல்-எல். அதைத் தொடர்ந்து வேகமாக அழுத்தினால் ஒவ்வொரு அழுத்தலிலும் அதன் வேகம் கூடி, மூலைகள் உருகிவிடும். ஒருமுறை அழுத்தி, பிறகு தேவையற்ற நோடுகளை ஒவ்வொன்றாக டெலீட் செய்வது பாதுகாப்பு. வளைவின் மேல், கீழ், இட, வல எல்லைகளில் நோடு இருந்தால் வளைவு அழகாக நிற்கும்.

இணையத்தில் இலவசமாக மாற்றித் தரும் சில தளங்கள் தரும் எஸ்விஜியைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். நோட்பேடில் திறந்தால் பாத் என்ற குறிச்சொல்லுக்குப் பதில் இமேஜ் என்ற ஒன்றே ஒன்றும், அதன் பின்னால் முடிவில்லாத எழுத்துக்கோவையும் இருந்தால், அது அதே ஜேபெக்கை பேஸ்64 என்ற எழுத்து வடிவில் எழுதி எஸ்விஜி உறைக்குள் வைத்தது. மூலத்தைவிட மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் இருக்கும். பிளாட்டர் அதில் ஒரு கோட்டையும் காணாது.

கடைசியாக அளவு. ஓர் அங்குலத்துக்கு எத்தனை அலகு என்பதில் மென்பொருள்கள் ஒத்துப்போவதில்லை. இல்லஸ்ட்ரேட்டர் 72 என்று எழுதும். இங்க்ஸ்கேப் 2017-இல் வந்த 0.92 பதிப்பிலிருந்து 96 என்று படிக்கிறது, அதற்கு முன் 90. இல்லஸ்ட்ரேட்டரில் 10 சென்டிமீட்டராக வரைந்த லோகோ இங்க்ஸ்கேப்பில் 7.5 சென்டிமீட்டராகத் திறப்பது இதனால்தான். கோப்பின் அகலம், உயரம் இரண்டையும் மில்லிமீட்டர் என்று அலகோடு குறிப்பிட்டு, கோப்பின் உள் அலகுகளைச் சொல்லும் வியூபாக்ஸ் மதிப்பை அப்படியே விட்டுவிட்டால் எங்கே திறந்தாலும் அளவு மாறாது. அனுப்பும்போது இறுதி அகலத்தை எண்ணாக எழுதி, வெட்டுபவர் திரையில் அதே எண் தெரிகிறதா என்று கேட்டு உறுதிசெய்த பிறகு வினைல் ஸ்டிக்கர் தாளை ஏற்றச் சொல்லுங்கள்.